செபஸ்தபோல் கோட்டையும் சீகோல் அன்னையும்

கிரிமியப் போர் என்றதுமே நம் நினைவுக்கு வருபவர் ஒரே ஒரு பெண்மணிதான். இரவு நேரத்தில் கையில் விளக்கேந்தி, காயமுற்ற வீரர்களின் படுக்கைதோறும் சென்று பார்த்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைச் சிறு வகுப்பிலேயே பாடமாகப் படித்துவிடுகிறோம். பள்ளி விழாவில் வெள்ளை முக்காடும் அரிக்கேன் விளக்குமாக யாரேனும் ஒரு சிறுமி மேடையேறாத ஆண்டு குறைவு. அதே போரில், அதே வீரர்களுக்காக உழைத்த இன்னொரு பெண்மணி உண்டு. அவர் கையில் விளக்கு இல்லை. தோளில் ஒரு மருந்துப் பை. பின்னால் வரும் கோவேறு கழுதையின் முதுகில் ரொட்டியும் இறைச்சியும். நைட்டிங்கேல் அம்மையாரின் பெரிய மருத்துவமனை கடலுக்கு அக்கரையில், ஸ்கூட்டரியில் இருந்தது. இவரோ பீரங்கி முழக்கம் காதில் விழும் தூரத்தில் கடை வைத்திருந்தார். கோட்டை வீழ்ந்தவுடன் வெற்றி பெற்ற படையின் பின்னாலேயே உள்ளே நுழைந்தார். நிறத்தில் அவர் நம்மவர்களைப் போல மாநிறம்.

அவர் பெயர் மேரி சீகோல். அவருடைய வரலாற்றில் நம் மனத்துக்கு இதமானவை பல உண்டு. சங்கடமானவையும் சில உண்டு. இரண்டையும் சொல்லவே எண்ணுகிறோம்.

மேரி 1805ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவில், கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த படைவீரர். கிராண்ட் என்பது அவர் குடும்பப் பெயர். தாய் ஆப்பிரிக்க வழி வந்தவர். அந்நாளில் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். தீவு மக்களில் மிகப் பெரும்பாலோர் பிறருடைய உடைமையாக இருந்த அக்காலத்தில், மேரியின் தாய் அடிமைத்தளை இல்லாதவராக இருந்தார். தங்கும் விடுதி ஒன்று நடத்தினார். நாட்டு மருத்துவமும் பார்த்தார். நோயுற்ற படை அதிகாரிகளும் அவர்களுடைய மனைவிமாரும் அவ்விடுதிக்கு வந்து தங்கிக் குணமடைந்து போவார்கள். சிறுமி மேரி தாயின் கைப்பக்குவத்தை அருகிருந்து பார்த்தாள். தாய் நோயாளிக்குக் கொடுத்த மருந்தையெல்லாம் இவள் தன் பொம்மைக்குக் கொடுத்தாள். பிறகு வீட்டு நாய்க்கும் பூனைக்கும் கொடுத்தாள். கடைசியில் மருந்தைத் தானே குடித்துப் பார்த்தாள் என்று தம் தன்வரலாற்றில் பின்னாளில் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார்.

இளம் வயதிலேயே கப்பலேறி இலண்டன் சென்றார். தெருப் பையன்கள் இவரையும் இவருடன் வந்த தோழியையும் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள். இரண்டாம் முறை சென்றபோது கையோடு மேற்கிந்திய ஊறுகாய்களையும் பழப்பாகுகளையும் கொண்டுபோய் விற்றார். பயணமும் வியாபாரமும் மருத்துவமும் கடைசிவரை இவரிடம் சேர்ந்தே இருந்தன.

1836இல் எட்வின் சீகோல் என்பவரை மணந்தார். கணவர் நோயாளி. இருவரும் வைத்த கடை நடக்கவில்லை. 1843இல் கிங்ஸ்டனில் பரவிய பெருந்தீயில் தாயின் விடுதி எரிந்து போயிற்று. அடுத்த ஆண்டு கணவர் இறந்தார். சில காலத்தில் தாயும் கண்மூடினார். எழுந்து நிற்கச் சில நாள் பிடித்தது என்கிறார். எழுந்தபின் விடுதியைத் திரும்பக் கட்டினார்.

1850இல் ஜமைக்காவில் வாந்திபேதி வந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது கணக்கு. அந்நோயைப் பற்றி மேரி கற்றதெல்லாம் அந்த ஆண்டில் கற்றதே. மறு ஆண்டு, பனாமாவில் விடுதி நடத்திய தம்பியைப் பார்க்கச் சென்றார். போன இடத்திலும் அதே நோய். ஊரில் மருத்துவர் என்று சொல்லத்தக்கவர் இல்லை. கடுகுப் பற்றுப் போட்டார். வயிற்றைச் சுத்தம் செய்ய மருந்து கொடுத்தார். தாகத்தால் துடித்தவர்களுக்கு இலவங்கப்பட்டை போட்டுக் கொதிக்க வைத்த நீரைக் கொடுத்தார். பணமுள்ளவரிடம் கட்டணம் வாங்கினார், இல்லாதவரிடம் வாங்கவில்லை. தம் கையிலேயே இறந்துபோன ஓர் அனாதைக் குழந்தையின் உடலை இரகசியமாக அறுத்துப் பார்த்து, நோயின் போக்கை அறிய முயன்றார். அதைக் குறித்துத் தாம் வெட்கப்படவில்லை என்றும், அந்த நடுக்கம் மட்டும் மறக்கவில்லை என்றும் எழுதுகிறார். அவர் கொடுத்த மருந்துகளில் சில இன்றைய மருத்துவம் ஒப்பாதவை. அக்காலத்துப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் கொடுத்ததும் அவற்றையே.

பனாமாவில் விருந்து ஒன்று நடந்தது. ஓர் அமெரிக்கர் எழுந்து இவரைப் புகழ்ந்தார். புகழ்ந்துவிட்டு, இத்தகைய நல்ல பெண்மணியின் தோலை எவ்வழியிலாவது வெளுக்கச் செய்ய முடியுமானால் எவ்வளவு நலம் என்ற பொருள்படப் பேசினார். மேரி எழுந்து, தம் நிறம் இன்னும் கறுப்பாய் இருந்தாலும் தமக்கு மகிழ்ச்சியே என்றும், அத்தகைய வெளுப்பு தமக்கு வேண்டாம் என்றும் மறுமொழி கூறி அமர்ந்தார்.

1853இல் ருசியாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டது. மறு ஆண்டு பிரிட்டனும் பிரான்சும் துருக்கியின் பக்கம் சேர்ந்தன. பின்னர் சார்டீனியாவும் சேர்ந்துகொண்டது. கருங்கடலில் ருசியக் கப்பற்படையின் இருப்பிடம் கிரிமியத் தீபகற்பத்திலுள்ள செபஸ்தபோல். அதைப் பிடித்தால் போர் முடியும் என்று நேச நாட்டார் கணக்குப் போட்டனர். 1854 அக்டோபரில் முற்றுகை தொடங்கியது. சில வாரங்களில் முடியும் என்று எண்ணியது பதினொரு மாதம் நீடித்தது. குண்டடியைவிட நோய்தான் கொன்றது. பிரிட்டிஷ் படையில் மாண்ட ஏறக்குறைய 21,000 பேரில் 16,000க்கும் மேற்பட்டோர் வாந்திபேதி, சீதபேதி, காய்ச்சல் ஆகியவற்றால் மாண்டவர்கள்.

இச்செய்தி இலண்டனை உலுக்கிற்று. நைட்டிங்கேல் அம்மையார் 38 பெண்களுடன் புறப்பட்டார். அவர்களுள் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பதை நம் சகோதரிகள் அறிந்திருப்பார்கள். அடுத்த குழு புறப்பட ஆயத்தமாகும் வேளையில் மேரி சீகோல் இலண்டனுக்கு வந்து சேர்ந்தார். ஜமைக்காவில் தமக்குப் பழக்கமான படைப்பிரிவுகள் பல கிரிமியாவில் இருந்தன. தம் பிள்ளைகள் அங்கே சாகிறார்கள் என்ற எண்ணம் அவருக்கு. வாந்திபேதியையும் மஞ்சள் காய்ச்சலையும் நேரில் கண்டு போராடியவர், நற்சான்றுகளைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். போர்த்துறை அலுவலகத்தில் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு அனுப்பினார்கள். தாதியர் தேர்வுக்குப் பொறுப்பான பெண்மணிகள், இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள். வீரர்களுக்கென மக்கள் திரட்டிய நிதியின் பொறுப்பாளர்களிடம் வழிச்செலவு மட்டும் கேட்டார்; அதுவும் இல்லை. குளிர்கால மாலை ஒன்றில், இருட்டிக்கொண்டு வரும் தெருவில் நின்று அழுதார். தம் இரத்தம் அவர்களுடையதைவிடச் சற்றுக் கறுத்த தோலுக்குக் கீழே ஓடுவதால்தான் தம் உதவி வேண்டாம் என்கிறார்களோ என்ற ஐயம் அன்று அவருக்கு முதன்முறையாக வந்தது. அப்போது அவருக்கு வயது 49.

மறுநாளே வேறு வழி தேடினார். கணவரின் உறவினரான டே என்பவரோடு கூட்டு வியாபாரம் பேசி, 1855 ஜனவரி 27இல் சொந்தச் செலவில் கப்பல் ஏறினார். வழியில் ஸ்கூட்டரியில் நைட்டிங்கேல் அம்மையாரைச் சில நிமிடங்கள் சந்தித்தார். அன்றிரவு மருத்துவமனைச் சலவைப் பெண்களின் அறையில் படுத்துறங்கினார். பிறகு பாலக்லாவா துறைமுகம். அங்கிருந்து பிரிட்டிஷ் முகாமுக்குப் போகும் வழியில், துறைமுகத்திலிருந்து மூன்றரை மைல் தொலைவில், 'ஸ்பிரிங் ஹில்' என்று பெயரிட்ட மேட்டில் தம் 'பிரிட்டிஷ் விடுதி'யை எழுப்பினார். கடலில் மிதந்து வந்த மரம், சரக்குப் பெட்டிப் பலகை, இரும்புத் தகடு இவைதாம் கட்டடப் பொருள்கள். செலவு 800 பவுன். விடுதி என்று பெயரே தவிர, கடையும் சாப்பாட்டுக் கூடமும் மருந்தகமும் ஒன்றாய்ச் சேர்ந்த இடம் அது. பூட்ஸ், சேணம், கைக்குட்டை, டப்பாவில் அடைத்த உணவு, மது, எல்லாம் அங்கே கிடைத்தன. பால் இல்லாமல் அவர் செய்த அரிசிப் புட்டிங்குக்கு அதிகாரிகள் காத்து நின்றனர். இரவு 8 மணிக்குக் கடை அடைக்கப்படும், ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பதில்லை. எலிகளும் திருடர்களும் ஆடுகளையும் கோழிகளையும் விட்டுவைக்கவில்லை என்று தம் நூலில் பல பக்கம் புலம்பியிருக்கிறார். குண்டுகளைப் பற்றிக்கூட அவ்வளவு புலம்பவில்லை.

காலையில் வீரர்கள் வரிசையில் நிற்பார்கள், மருந்துக்கு. கொடுக்க முடிந்தவர் பணம் கொடுப்பார். மற்றவர் வெறுங்கையோடு வந்து மருந்தோடு போவார். பாலக்லாவா துறையில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்த காயமுற்றவர்களுக்குத் தேநீரும் கேக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். எளிய சிப்பாய்கள் அவரைச் சீகோல் அன்னை என்றே அழைத்தனர். அவரும் அவர்களை மகனே என்றே அழைத்தார்.

1855 ஆகஸ்ட் 16இல் செர்னாயா ஆற்றங்கரையில் போர் நடந்தது. மேரி கட்டுத் துணியும் மருந்தும் எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினார். பிரெஞ்சு வீரர்களுக்கும் சார்டீனிய வீரர்களுக்கும் கட்டுப் போட்டார். எதிரிகளான ருசியர்களுக்கும் போட்டார். ஒரு ருசியனின் கீழ்த்தாடையில் குண்டு தங்கியிருந்தது. விரலை விட்டு அதை எடுக்க முயன்றபோது, சாகும் வேதனையில் அவன் பற்கள் விரலைக் கவ்விக்கொண்டன. பக்கத்திலிருந்தவர்கள் வாயைத் திறந்து விடுவித்தார்கள். அந்தத் தழும்பு கடைசிவரை அவர் விரலில் இருந்தது. இன்னொரு ருசிய அதிகாரி பேச முடியாமல், தம் மோதிரத்தைக் கழற்றி அவர் கையில் வைத்து அக்கையை முத்தமிட்டார். காயமுற்ற பிரெஞ்சு அதிகாரி ஒருவரை மேரி தம் விடுதிக்கே கொண்டுவந்து பார்த்துக்கொண்டார். இந்த அதிகாரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மீண்டும் வருவார்.

செப்டம்பர் 8ஆம் நாள் நண்பகலில் பிரெஞ்சுப் படை மாலகாவ் என்னும் கொத்தளத்தின்மேல் பாய்ந்து அதைப் பிடித்தது. ரெடான் என்னும் மற்றொரு கொத்தளத்தைத் தாக்கிய ஆங்கிலேயர் பெருஞ்சேதத்தோடு பின்வாங்கினார்கள். ஆயினும் மாலகாவ் போனபின் நகரைக் காக்க முடியாது என்று ருசியர் உணர்ந்தனர். அன்றிரவே துறைமுகத்தின் குறுக்கே போட்டிருந்த மிதவைப் பாலத்தின் வழியாக வடகரைக்குப் போய்விட்டார்கள். போகுமுன் வெடிமருந்துக் கிடங்குகளைக் கொளுத்தினார்கள். எஞ்சிய கப்பல்களை மூழ்கடித்தார்கள். மறுநாள் பொழுது விடிந்தபோது நகரம் எரிந்துகொண்டிருந்தது. பதினொரு மாதம் உயிரைக் கொடுத்துக் கேட்ட கோட்டை, ஆளில்லாமல் திறந்து கிடந்தது.

கோட்டைக்குள் நுழையும் முதற்பெண் தாமே என்று மேரி பந்தயம் கட்டியிருந்தார். படைத்தலைவர் ஒருவரிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, கோவேறு கழுதைகளில் உணவு ஏற்றிக்கொண்டு, சில நண்பர்களோடு குதிரைமீது புறப்பட்டார். பந்தயத்தில் வென்றார்.

உள்ளே கண்ட காட்சியை அவர் மறைக்கவில்லை. ஒருபுறம் பல மணி நேரமாகப் பட்டினி கிடந்த வீரர்கள். வழிமறித்துக் கேட்டார்கள், கொடுத்தார். மறுபுறம் ருசியர்களின் மது நிலவறைகளைக் கண்டுபிடித்துவிட்ட வீரர்கள். குடித்துவிட்டு ஆடிப் பாடிக் கூச்சலிட்டார்கள். ஓடிப்போன பெண்களின் பாவாடைகளை இடுப்பில் கட்டி, பழைய தொப்பிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரிந்தார்கள். ஒருவன் பட்டுப் பாவாடையும் கிழிந்த சரிகைக் கைப்பட்டியுமாக, சீமாட்டி போல ஒயிலாக நடந்து வந்து, தான் பிடித்திருந்த பட்டுக் குடையை மேரியிடம் நீட்டினான். வாயிலில் காவலர் கொள்ளைப் பொருளைப் பறிமுதல் செய்ததால், கையிலுள்ளதை எவருக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். ஒருவன் வெல்வெட் சோபாவை எடுத்துக்கொள்ளச் சொன்னான்; ஒருவன் நாற்காலியை; மூன்றாமவன் உடைந்த பியானோவில் ஒரு துண்டை.

இவ்வளவும் பிணங்களின் நடுவில். கப்பல் துறைக்கு அருகிலிருந்த மருத்துவமனையில், எடுத்துச்செல்ல வழியின்றி ருசியர் விட்டுச் சென்ற நூற்றுக்கணக்கானோர் இறந்தும் இறவாமலும் ஒன்றாய்க் கிடந்தனர். மேரி அங்கும் போனார். எத்தனையோ மரணங்களைக் கண்ட அவராலும் தாங்க முடியாத காட்சி அது. வடகரையிலிருந்து ருசியப் பீரங்கிகள் நகரை நோக்கிச் சுட்டுக்கொண்டே இருந்தன. சில தெருக்களைக் கடக்க, இடைவெளி பார்த்துக் குதிரையை விரட்ட வேண்டியிருந்தது. புதைத்துவைத்த வெடிகள் திடீர் திடீரென வெடித்தன.

அந்த நகரிலிருந்து மேரி வெறுங்கையோடு திரும்பவில்லை. இங்கேதான் நமக்குச் சங்கடம். பொன் வெள்ளி விண்மீன்கள் பதித்த பீட மெழுகுதிரி ஒன்று, விரிசல் கண்ட கோவில் மணி ஒன்று, உடைந்த பீங்கான் தேநீர்க் குடம், அந்தப் பட்டுக் குடை ஆகியவற்றை எடுத்து வந்தார். கோவிலிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட, பத்தடி நீளமுள்ள தேவமாதா படமும் அவர் கைக்கு வந்தது. முற்றுகைக் காலத்தில் அம்மணி எத்தனையோ பேரைச் செபத்துக்கு அழைத்திருக்கும் என்று அவரே எழுதுகிறார். எழுதிவிட்டு அதைச் சேணத்தில் கட்டிக்கொண்டு வந்ததையும் எழுதுகிறார். எல்லாரும் எடுத்தார்கள், இவர் எடுத்தது அற்பம் என்பது உண்மை. விட்டுவந்திருந்தால் வேறொருவன் உடைத்திருப்பான் என்பதும் உண்மையாயிருக்கலாம். ஆயினும் பீடத்து மெழுகுதிரி பீடத்துக்குரியது, படையினுடையதன்று. செர்னாயாக் கரையில் ருசியனுக்குக் கட்டுப் போட்ட கைகளே, மூன்று வாரம் கழித்து ருசியனின் கோவில் மணியையும் எடுத்தன. பிடிபட்ட நகருக்குள் வெற்றிப் படையோடு நுழைகிறவருக்கு, எது யாருடையது என்பது மங்கிப்போகும் போலும். நைட்டிங்கேல் அம்மையார் அங்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நம் மாணவியர் கேட்கக்கூடும். எமக்கு விடை தெரியாது.

அந்த மணிக்கு உடனே ஒரு வேலை வந்தது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த பகுதியில், அவர்கள் ஒரு வீட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கொள்ளையிடுவதை வேடிக்கை பார்த்து நின்ற மேரி, உடன்வந்தவர்களை விட்டுப் பின்தங்கிவிட்டார். அங்கிருந்த அமெரிக்கக் கப்பற்பையன் ஒருவன், இவள் ருசிய ஒற்றன் என்று பிரெஞ்சு வீரர்கள் காதில் ஓதினான். அவர்கள் பிடிக்க வந்தார்கள். மேரி குதிரையை விட்டு இறங்க மறுத்து, முதலில் கை வைத்தவனின் தொப்பி நசுங்கும்படி மணியாலேயே ஓர் அடி கொடுத்தார். ஆறேழு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அந்நேரம் அவ்வழியே வந்தார் ஒரு பிரெஞ்சு அதிகாரி. மேரி தம் விடுதியில் வைத்துக் காப்பாற்றிய அதே மனிதர்! ஒரு சொல்லில் விடுவித்தார். விடுபட்டதும் மேரி செய்த முதற்காரியம், கோள் சொன்ன பையனை அதே மணியால் சாத்தியது. பொறுமை அவருடைய குணங்களில் ஒன்று என்று நாம் எங்கும் சொல்லவில்லை.

கோட்டை வீழ்ந்தபின் போர் ஓய்ந்தது, சமாதானம் வரவில்லை. நேசப் படைகள் எரிந்த நகரையும் மேட்டு நிலத்தையும் பிடித்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தன. அழிந்த வீடுகளின் கதவும் சன்னலும் உத்திரமும் முகாமுக்கு வந்து குடிசைகளாயின. பொறியாளர்கள் ருசியர் பல்லாண்டு உழைத்துக் கட்டிய கப்பல் துறைகளை வெடிவைத்துத் தகர்த்தனர். மற்றவர்களுக்கு வேலை குறைவு. குதிரைப் பந்தயம், கிரிக்கெட், நாடகம் என்று பொழுது போயிற்று. முன் ஆண்டுக் குளிரில் கந்தையோடு செத்தவர்களின் இடத்தில், இப்போது நல்ல பூட்ஸும் நல்ல உணவுமாக வேறொரு படை இருந்தது. மேரியின் கடைக்கும் அதுவே பொற்காலம். கிறிஸ்துமஸுக்கு அவர் சமையற்கட்டில் இரவு பகலாக அடுப்பு எரிந்தது. புத்தாண்டு நாளில், படைக்குப் பொதி சுமந்த பிரிவின் மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளுக்குப் பிளம் புட்டிங்கும் பணியாரமும் கொண்டுபோனார். அவர்களை வேறு யாரும் நினைக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

வசந்தத்திலும் படை இருக்கும் என்று நம்பி, டேயும் அவரும் இருந்த பணத்தையெல்லாம் போட்டுச் சரக்கு வாங்கினார்கள். 1856 மார்ச் 30இல் பாரிசில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

உலகமே மகிழ்ந்த அச்செய்தி அவரைத் தெருவில் நிறுத்தியது. கப்பல் கப்பலாகப் படை திரும்பிற்று. கடன் வாங்கியவர்களில் சிலர் கணக்குத் தீர்க்காமலே போனார்கள். சேணமும் பெட்டியும் பாலாடைக் கட்டியும் வாங்குவாரின்றிக் கிடந்தன. நேற்றைய எதிரிகளான ருசியர் வந்து, அடிமாட்டு விலைக்குக் கேட்டனர். சிவப்பு மதுப் பெட்டிகளை அவ்விலைக்குக் கொடுக்க மனமில்லாமல், சுத்தியலை எடுத்துப் பெட்டி பெட்டியாக உடைத்துக் கொட்டினார். மறுபடியும் அதே கோபம்! ஜூலையில் கிரிமியாவை விட்டுக் கடைசியாகப் புறப்பட்டவர்களோடு அவரும் புறப்பட்டார். கோட்டை ருசியருக்கே திரும்பிற்று.

இலண்டனில் ஆகஸ்டு மாதம் படைவீரர்களுக்கு விருந்து நடந்தபோது, கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டாடியது. நெரிசலில் நசுங்காமல் காக்க இரு சார்ஜண்டுகள் வேண்டியிருந்தது. நவம்பரில் அதே நகரின் நீதிமன்றத்தில் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டார். பத்திரிகைகள் அவருக்காக எழுதின. 'டைம்ஸ்' இதழின் போர்ச் செய்தியாளர் ரசல், கிரிமியாவில் கண்ணால் கண்டதைச் சொல்லிப் பரிந்து பேசினார். 1857 ஜூலையில் நான்கு நாள் இசை விழா நடத்தினார்கள். பதினொரு படை வாத்தியக் குழுக்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்கள், திரள் திரளான மக்கள். விழா நடந்த தோட்டத்தின் நிறுவனம் நொடித்துப்போனதால் முடிவில் அவர் கைக்கு வந்தது 57 பவுன். அதே மாதம் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. மேலே நாம் சொன்னவற்றுள் பல அந்நூலில் உள்ளவை.

அதே 1857இல் நம் நாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. மேரி இந்தியாவுக்கு வந்து படைவீரர்களுக்குப் பணிபுரிய விரும்பினார். போர்த்துறை அமைச்சர் வேண்டாமென்று தடுத்தார். வந்திருந்தால் டில்லியிலும் லக்னோவிலும் பிடிபட்ட நகரங்களை அவர் மறுபடி கண்டிருப்பார். அங்கே மாநிறத்தவர் மதிலின் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதையும் கண்டிருப்பார். அதைப் பற்றி அவர் என்ன எழுதியிருப்பாரோ!

1860ஆம் ஆண்டு வாக்கில் மேரி கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். செபஸ்தபோலில் எடுத்த பீட மெழுகுதிரி அதற்கு முன்னரே அவர் கையை விட்டுப் போயிருந்தது. அதைப் படைத்தலைமைத் தளபதிக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்துவிட்டார்.

பின்னாளில் அவருக்கு வறுமை இல்லை. 1867இல் அரச குடும்பத்தார் ஆதரவில் திரும்பவும் நிதி திரட்டப்பட்டது. கிரிமியாவில் இளம் கப்பற்படை அதிகாரியாக அவரை அறிந்த கிளெய்க்கன் பிரபு, விக்டோரியா அரசியின் உறவினர், அவருடைய மார்பளவுச் சிலையைச் செதுக்கினார். வேல்ஸ் இளவரசியின் கால் வலிக்கு உடம்பு பிடித்துவிடவும் அவரையே அழைத்தார்கள். நைட்டிங்கேல் அம்மையார் மட்டும் அவரைப் பற்றி நல்லெண்ணம் கொள்ளவில்லை. வீரர்களிடம் அன்பானவர் என்று ஒப்புக்கொண்டார். மது விற்றுப் பலரைக் குடிக்கச் செய்தார் என்று ஒரு தனிக் கடிதத்தில் குறை எழுதினார். இரண்டும் மெய்யாகவே இருக்கலாம். இருவரையும் தராசில் ஏற்றி ஒருவரைத் தாழ்த்துவோரும் உளர். அது நமக்கு உடன்பாடில்லை.

1881 மே 14இல் இலண்டனில் இறந்தார். விருப்பப்படியே கென்சல் கிரீன் புனித மரியன்னை கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதன்பின் ஏறக்குறைய நூறாண்டு காலம் மறதி. கல்லறையின் எழுத்துகளும் மங்கிப்போயின. அதைத் தேடிக் கண்டவர்கள் இலண்டனில் பணிபுரிந்த தாதியரும், ஜமைக்காவிலிருந்து குடியேறி வாழ்ந்த பெண்களும். 1973இல் அவர்கள் முயற்சியால் கல்லறை புதுப்பிக்கப்பட்டு மந்திரிக்கப்பட்டது. 1984இல் அவர் நூல் மறுபதிப்பாயிற்று.

2016இல் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனைத் தோட்டத்தில் அவருக்கு முழு உருவச் சிலை வைத்தார்கள். தோளில் பை தொங்க, எதிர்காற்றில் விரைந்து நடப்பவராக வார்த்திருக்கிறார் சிற்பி. பின்னால் நிற்கும் பெரிய உலோக வட்டத்தில், கிரிமிய மண்ணின் அச்சு பதிந்திருக்கிறது. முகம் தேம்ஸ் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பாராளுமன்றத்தை நோக்கியிருக்கிறது. அம்மருத்துவமனையில்தான் 1860இல் நைட்டிங்கேல் அம்மையார் தம் தாதியர் பள்ளியைத் தொடங்கினார்.